உங்கள் மாப்பிள்ளையின் மண்டையை நான் உடைக்கவில்லை

சிறுவாச்சூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மிகுந்த மரியாதைக்குரிய அண்ணன் தமிழழகன் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கை தனம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் மகள் நந்தினியும் என் மாமியாரும் நன்றாக இருக்கிறோம். அங்கே திருப்பூரில் தாங்கள் நல்ல திடத்தோடு இருக்கிறீர்கள் என்பதைப் போன வெள்ளிக்கிழமை போனில் தாங்கள் போட்ட சத்தத்திலேயே தெரிந்துகொண்டேன். ஸ்பீக்கரில் போடாமலேயே பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. அண்ணிக்கும் பையனுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் தாங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' போடுவேன், நான் வாயைத் திறக்கிற நேரத்தில் 'சரி, வெச்சிடறேன்' என்று வைத்துவிடுவீர்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நம் வீட்டில் இதுதான் நடக்கிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போடலாம். ஆனால் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளவாவது கொஞ்சம் படித்துத்தான் ஆக வேண்டும்.

தாங்கள் போனில் சொன்னது இது. நான் உங்கள் மாப்பிள்ளையின் மண்டையை உடைத்துவிட்டேனாம். பிறகு அவரை ஊரார் பிள்ளைகளுக்கு ஆயாவாக்கிவிட்டேனாம். அது போதாதென்று நந்தினியின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் குறித்துக் கொடுத்த தேதியை என் பரீட்சைக்காகத் தள்ளிவைத்து உங்கள் முகத்தில் கரி பூசிவிட்டேனாம். பயிற்சிக்குப் போனதோடு போகட்டும், ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்தால் சீரும் வராது, நீங்களும் எங்கள் வாசற்படி மிதிக்க மாட்டீர்கள். இவ்வளவுதானே? இதற்கு என் பதில், வேலையில் சேரத்தான் போகிறேன் என்பது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து. காரணம் தெரிந்துகொள்ள விருப்பம் இருந்தால் மேற்கொண்டு படிக்கவும்.

போன வருஷம் ஐப்பசி மழையில், அரியலூரில் ஒரு கடை வாசலில் சிமெண்டு மூட்டையோடு உங்கள் மாப்பிள்ளை வழுக்கி விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதும், திருச்சியில் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். வந்து பார்த்தீர்கள், ஆப்பிள் வாங்கி வந்தீர்கள். அங்கே நான் இருந்த நாளெல்லாம் என் காதில் விழுந்த ஒரே வார்த்தை என்ன என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. 'ஓரமா நில்லும்மா.' ஊசி போட வந்தால் ஓரமாக நில், திருப்பிப் படுக்க வைக்க வந்தால் ஓரமாக நில், தரையைத் துடைக்க வந்த அம்மாகூட என் காலைத் துடைப்பத்தால் தள்ளி ஓரமாக நிற்கச் சொன்னார். என் புருஷன் உடம்பை என்ன செய்கிறார்கள், எதற்காக ஒரு பக்கம் தலையணை வைக்கிறார்கள், இந்தக் குழாய் எதற்கு, ஒன்றும் தெரியாமல் சுவரோடு சுவராக நின்றேன். வெங்காயம் அறுக்கத் தெரியும், மக்காச்சோளம் ஒடிக்கத் தெரியும், பருத்தி எடுக்கத் தெரியும். அந்த வார்டில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை ஓரமாக நிற்பது. அப்போதே மனதில் ஒரு வீம்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபின் டாக்டர் இனி மூட்டை தூக்கக் கூடாது என்றுவிட்டார். உங்கள் மாப்பிள்ளை கட்டிலில் படுத்து ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் காட்டு வேலைக்குப் போய்வந்தேன். ஒருநாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தின் போர்டைப் பார்த்தேன். தாய்மார்களுக்கான இலவசப் பயிற்சி, ஆஸ்பத்திரியில் நோயாளி உதவியாளர் வேலை, எட்டாவது படித்தால் போதும், வயது நாற்பத்தைந்து வரை. பஸ்ஸை விட்டுவிட்டு உள்ளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், பிறகு உங்கள் பேச்சை மீறிச் சேர்ந்த பாவம் எனக்கு வந்திருக்கும். அதைத் தவிர்த்துவிட்டேன்.

சசிகலா சிஸ்டர்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், வெற்றிலை பாக்குப் போடுகிறவர்கள் கிட்டே வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார். முதல் வாரமே நாடி பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, வீட்டில் கிடைக்கிற எல்லோரையும் பிடித்துப் பழகுங்கள் என்று அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் கிடைத்தவர் என் மாமியார் செல்வம்மாள். கையைப் பிடித்தேன். நாடி குதிரை மாதிரி ஓடியது. எனக்கோ புதிதாகக் கற்ற ஆர்வம், பயந்து போய், "அத்தை, உங்களுக்கு நாடி ரொம்ப வேகமா ஓடுதுங்க, படுங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவர் படுத்தார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தன் காதுத் தோடு யாருக்கு, பித்தளை அண்டா யாருக்கு என்று சொல்ல ஆரம்பித்தார், பக்கத்து வீட்டுக்காரி அழ ஆரம்பித்தாள், ஜெயங்கொண்டத்திலிருந்து என் நாத்தனார் கார் பிடித்து வந்து இறங்கினாள், வந்தவள் கையில் மாலை வேறு. மாலையைப் பார்த்ததும் என் மாமியார் எழுந்து உட்கார்ந்து, உயிரோடு இருக்கும்போதே மாலை வாங்க உனக்கு அவ்வளவு அவசரமா என்று பிடித்துக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது, நான் கையைப் பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர் மேய்ச்சலிலிருந்து ஓடிப்போன ஆட்டைத் தெருக்கோடி வரை விரட்டிப் பிடித்துவிட்டு வந்திருக்கிறார். சிஸ்டரிடம் சொன்னேன். நோயாளியைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்த பிறகுதான் நாடி பார்க்க வேண்டும், அதைச் சொல்வதற்குள் நீ எழுந்து ஓடிவிட்டாய் என்றார். நாத்தனார் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. மாலையை வீணாக்காமல் அடுத்த வெள்ளிக்கிழமை மதுரகாளியம்மனுக்குச் சாத்திவிட்டோம்.

இனி மண்டை விஷயம். தலைக்கட்டு போடுவது எப்படி என்று வகுப்பில் காட்டினார்கள். அது லேசில் வருவதில்லை, அவிழ்ந்து மூக்குக்கு வந்துவிடும். வீட்டில் உங்கள் மாப்பிள்ளையை உட்காரவைத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று முறை அவிழ்ந்து நாலாவது முறை அவ்வளவு அழகாக உட்கார்ந்துவிட்டது. அழகாயிருக்கிறது, சிஸ்டருக்கு அனுப்பப் போட்டோ எடுக்க வேண்டும், நந்தினி போனோடு வரும்வரை அவிழ்க்காதீர்கள் என்றேன். அவர் அதே கட்டோடு டீக்கடைக்குப் போய்விட்டார். அதுவும் ஒரு திங்கட்கிழமை. திங்களும் வெள்ளியும் இங்கே கோயில் நடை திறக்கிற நாள், ரோடெல்லாம் ஜனம் என்று உங்களுக்குத் தெரியும். யார் போட்டது என்று கேட்டவர்களிடமெல்லாம் 'என் சம்சாரம் போட்டது' என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். கட்டுப் போட்டதைச் சொல்கிறார் என்று யாருக்குத் தோன்றும்? சாயங்காலத்துக்குள் நான் உலக்கையால் அடித்தேன் என்று ஊரே பேசியது. இரண்டு பெரியவர்கள் வந்து, புருஷன் சம்பாதிக்கவில்லை என்பதற்காகக் கை நீட்டலாமா என்று என்னிடம் தன்மையாக விசாரித்தார்கள். நான் அவர்கள் எதிரிலேயே கட்டை அவிழ்த்துக் காட்டினேன். உள்ளே காயம் இல்லாததைப் பார்த்தபின், அப்படியானால் பாவம் இவருக்குத்தான் மூளை கலங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திருப்பூர் வரைக்கும் உலக்கை வந்து சேர்ந்திருக்கிறது, கட்டை அவிழ்த்தது வந்து சேரவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி, அண்ணே. அடுத்து நடந்ததுதான் எங்கள் எல்லோர் பிழைப்பிலும் கை வைக்கப் பார்த்தது.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வீரம்மாள். புருஷன் இல்லை. வெங்காய மண்டியில் வால் அறுக்கும் வேலை செய்துகொண்டிருந்தவள். அவளுக்கு மதுரைவீரன் என்று ஒரு மகன், மூன்று வயது, பேருக்கு ஏற்ற ஆள், கதவு மேலேயே ஏறுவான். அவனை விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால் இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். இன்னும் சிலரும் அப்படித்தான். பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்று விதி. சிஸ்டர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். நாங்கள் பழகுவதற்கு ஆள் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை கட்டிலில் கிடக்கும். எத்தனை சொன்னாலும் அசையாத ஆள் என்பதால் அதற்குப் 'பெரியண்ணன்' என்று பேர். பேர் வைத்தது வீரம்மாள், நான் இல்லை. அதற்குத் தலை மட்டும் கொஞ்சம் லூசு.

ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று சொன்னார்கள். மத்தியானம் வருவார் என்று பார்த்தால் காலையிலேயே ஜீப் வந்து நின்றது. மற்றப் பிள்ளைகளைப் பின்பக்கமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அனுப்பிவிட்டோம். மதுரைவீரன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பினால் ஊரைக் கூட்டுவான். வீரம்மாள் வேறு வழி தெரியாமல் அவனைப் பெரியண்ணன் பக்கத்தில் கிடத்திப் போர்வையை இழுத்து மூடிவிட்டாள். அதிகாரி வந்தார், சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார், கைகழுவும் இடத்தைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். போகப் போகிறார் என்று நாங்கள் மூச்சு விடுகிற நேரத்தில், படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு முதுகுப் புண் வராமல் எப்படித் திருப்பிப் போடுவது, யாராவது செய்து காட்டுங்கள் என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

எதையும் நோயாளியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும், அவர் பேசாவிட்டாலும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பாடம். நானும் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "ஐயா, இப்ப உங்கள எடது பக்கமா திருப்பப் போறேங்க" என்றேன். போர்வைக்குள்ளிருந்து "ஊம்" என்று பதில் வந்தது. அதிகாரி ஓரடி பின்வாங்கினார். எனக்கு அந்த நேரத்தில் நிறுத்தத் தோன்றவில்லை, கை தன்பாட்டில் திருப்பிவிட்டது. பெரியண்ணனின் தலை கழன்று உருண்டு அதிகாரியின் ஷூவில் போய் முட்டியது. தலை இருந்த இடத்தில் மதுரைவீரன் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு பன் கேட்டான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தவர்களும் சிஸ்டரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். யாருடைய பிள்ளை என்று அதிகாரி கேட்டார். வீரம்மாள் தன் மகன் என்று சொல்லி அவனைத் தூக்கிக்கொண்டாள். பிள்ளைகளை உள்ளே விடக்கூடாது என்று விதி இருப்பது தெரியாதா என்றார். சிஸ்டர் போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். எனக்குத்தான் உங்கள் வாய் கொஞ்சம் உண்டே.

"விதி இருக்குங்க சார்," என்றேன். "வாசல்ல போர்டும் இருக்குங்க. தாய்மார்களுக்குப் பயிற்சின்னு நீங்கதான் போட்டிருக்கீங்க. புள்ள இல்லாம தாயி எங்கேருந்துங்க வருவா? தாய மட்டும் கூப்பிட்டீங்க, புள்ளய எங்க வுட்டுட்டு வரணும்னும் சேத்து எழுதியிருக்கலாம்ல?"

அந்த மனிதர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கோபப்படவில்லை. குனிந்து பெரியண்ணனின் தலையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். நீங்கள் கேட்பது நியாயம், ஆனால் நான் பார்த்ததை எழுதித்தான் ஆக வேண்டும் என்றார், எழுதினார். இன்னொரு முறை கட்டிடத்துக்குள் பிள்ளைகள் இருந்தால் பயிற்சியையே நிறுத்திவிடுவார்களாம். அவர் போனபின் சிஸ்டர் கைப்பிள்ளைக்காரர்களைக் கூப்பிட்டு, இந்த வருஷம் நின்றுவிடுங்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபின் வாருங்கள் என்றார். சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வீரம்மாள் பையை எடுத்துக்கொண்டாள். மண்டியில் வேலை எங்கேயும் போய்விடாது என்று மட்டும் சொன்னாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை எல்லாம் உருட்டினேன். மாமியார் ஆட்டோடு வெளியே போய்விட்டார். உங்கள் மாப்பிள்ளை கட்டிலில் படுத்தபடியே என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் ஓட்டுக் கூரையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"டாக்டரு மூட்டய தூக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு," என்றார். "புள்ளய தூக்கக் கூடாதுன்னு சொல்லலியே. கொண்டாந்து எங்கிட்ட வுடச் சொல்லு."

அண்ணே, விழுந்த நாளிலிருந்து அந்த மனிதர் தானாக ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை. நீங்கள் போனில் அதைக் கேவலம் என்று சொன்னீர்கள். அன்றைக்கு நான் அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தது உங்களுக்குத் தெரியாது.

பயிற்சி நடக்கிற இடத்துக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை சும்மா கிடந்தது. விதி கட்டிடத்துக்குள்தான், ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக்கு இல்லை. நான் வீரம்மாள் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டு அவளை இழுத்துவந்தேன், மற்றவர்களும் வந்தார்கள். ஏழு பிள்ளைகள், உங்கள் மாப்பிள்ளை ஒருவர். அவருக்கு ஆள் எண்ணத் தெரியாது, மூட்டை எண்ணத்தான் தெரியும். ஆகவே காலையில் பிள்ளை வந்து இறங்கியதும் முதுகில் சாக்பீஸால் ஒரு கோடு, சாயங்காலம் தாயிடம் ஒப்படைக்கும்போது குறுக்கே ஒரு கோடு. இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் கணக்குப் பார்த்தால் ஒரு பிள்ளை கூடுதல். குறைந்தால் தேடலாம், கூடினால் என்ன செய்வது? யார் பெற்ற பிள்ளை என்று தெரியவில்லை, அதுவோ உங்கள் மாப்பிள்ளையின் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் துணிக்கடைப் பையோடு அவசரமாக வந்து, நல்லா பாத்துக்கறீங்க சார், மாசக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டாள். பால்வாடி என்று நினைத்துக் காலையில் கூட்டத்தோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அதன் முதுகிலும் அவர் மறக்காமல் கோடு போட்டிருந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இந்தக் கோலத்தில்தான் நாம் பிறந்த திருமழபாடிக்காரர் யாரோ அவரை பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறார். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, சட்டைப் பையில் பால் பாட்டில். உங்களுக்குப் போன் போட்டுச் சொன்ன புண்ணியவானிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அப்போது என் புருஷன் முகம் எப்படி இருந்தது என்று. கட்டிலில் கிடந்தபோது இருந்த முகமா, வேறா என்று.

பயிற்சியின் கடைசிப் பகுதி ஆஸ்பத்திரியில். முதல் நாளே எனக்கு ஒரு பெரியவரைக் கொடுத்தார்கள். பக்கவாதம், வலது பக்கம் வரவில்லை. பொம்பளைப் பிள்ளை தன்னைத் தொட்டுக் கழுவுவதா என்று அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மகன் சுவரோரமாக நின்றான். எனக்கும் கை கூசாமல் இல்லை, பொய் சொல்வானேன். பெரியவரிடம், ஐயா இன்னது செய்யப் போகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்தேன். பிறகு அந்தப் பையனைக் கூப்பிட்டேன். "தம்பி, அங்க நிக்காதீங்க. கிட்ட வாங்க. இப்புடி தோள புடிச்சுக்கங்க. நாளைக்கு வூட்டுல நீங்கதான செய்யணும்?" அவன் வந்து பிடித்தான். முடித்து வேட்டி மாற்றியபின் பெரியவர் என் பக்கம் திரும்பி, வாய் கோணிக்கொண்டு, எந்த ஊர் தாயி என்று கேட்டார். சிறுவாச்சூர் என்றேன். அவ்வளவுதான் நடந்தது. அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

பரீட்சை தேதி வந்தது. பார்த்தால் ஆவணியில் நீங்கள் மஞ்சள் நீராட்டுக்குக் குறித்த அதே ஞாயிற்றுக்கிழமை. உங்களிடம் சொன்னால், பரீட்சை அடுத்த வருஷமும் வரும், முகூர்த்தம் வராது என்றீர்கள். ஜோசியரைப் பார்த்தேன், அடுத்த முகூர்த்தம் மூன்று வாரம் தள்ளி இருக்கிறது என்றார். முகூர்த்தமும் வருகிறதே. தள்ளிவைத்தேன். விழாவுக்கு உரியவளைக் கேட்டேன், அவள் எப்போது வேண்டுமானாலும் வையுங்கள், பஸ் ஸ்டாப்பில் என் போட்டோ போட்டு ஃப்ளெக்ஸ் மட்டும் வைக்காதீர்கள் என்றாள். நான் பரீட்சை எழுதினேன், பாஸ். வீரம்மாளும் பாஸ், என்னைவிட நல்ல மார்க். பெரம்பலூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் இருவருக்கும் வேலை. உங்கள் மாப்பிள்ளையைத்தான் அடுத்த செட்டுத் தாய்மார்கள் இப்போதே வந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தவன் மலமூத்திரம் அள்ளுகிற வேலைக்கா நம் குடும்பத்துப் பெண் போவது என்று கேட்டீர்கள். கேட்கலாம். அப்பா திருமழபாடி வீட்டில் படுக்கையோடு கிடந்தாரே, அப்போது யார் அள்ளினது? மாதம் ஒருதரம் நீ வந்து நிலைப்படியில் நின்று மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு 'எப்படிப்பா இருக்கே' என்று கேட்டுவிட்டுப் போனாய். நான் நந்தினியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கிடந்து அள்ளினேன். அப்போது குடும்ப மானம் எங்கே போயிருந்தது? தங்கச்சி தங்கமான பெண் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாய். சும்மா செய்தால் தங்கமான பெண், சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தால் மானக்கேடு. அன்றைக்கு அப்பா முதுகில் புண் வந்து அவர் கத்தினது உனக்குத் தெரியாது. எப்படித் திருப்பிப் போடுவது என்று எனக்கும் தெரியாது. இப்போது தெரியும். அதைத் தெரிந்துகொண்டதற்கு நான் யார் காலிலும் விழ மாட்டேன்.

மேலே கோபத்தில் 'நீ' என்று எழுதிவிட்டேன். அடிக்கப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நந்தினி, அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும் அம்மா என்கிறாள். இருக்கட்டும்.

ஆகவே சீர் கொண்டுவர வேண்டாம். பட்டுப் பாவாடை வேண்டாம், பழத்தட்டு வேண்டாம், உங்கள் காலைப் பிடித்து அழைக்க ஆள் அனுப்பவும் மாட்டேன். சபையில் தாய்மாமன் நாற்காலி காலியாக இருக்குமே என்று கவலைப்படவும் வேண்டாம். பேருக்கு நம் மதுரைவீரனை உட்காரவைத்தால் போயிற்று, அவனுக்குப் பன் வாங்கிக் கொடுத்தால் கடைசி வரை நாற்காலியை விட்டு இறங்க மாட்டான். நீங்களும் வர வேண்டாம். இது என் முடிவான வார்த்தை. இதில் மாற்றம் கிடையாது.

அங்கே குளிர்காலம் வருமுன் உங்கள் மூட்டு வலிக்கு ஒரு டாக்டரைப் பார்க்கவும். ராத்திரி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டாம். பையன் நன்றாகப் படிக்கட்டும், அவன் தலைமுறையில் நம் குடும்பம் இன்னும் மேலே வரட்டும். மதுரகாளியம்மன் உங்கள் குடும்பத்தைக் காப்பாற்றட்டும், உங்களுக்குக் கொஞ்சம் நிதானத்தையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓரமாக நிற்காத உங்கள் தங்கை,
க. தனம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு நந்தினி பசை எடுக்கப் போயிருந்தாள். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. பார்த்தால் நம் தேவயானி அண்ணி, கையில் இரண்டு பை, கூடவே உங்கள் பையன். அடுத்த செட்டுப் பயிற்சியில் சேர வந்திருக்கிறாராம். நான் அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, என் மகள்மேல் சத்தியம். வெள்ளிக்கிழமை நீங்கள் என்னைத் திட்டியபோது அண்ணி பக்கத்தில் நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாராம். பயிற்சி இலவசம், எட்டாவது போதும், நாற்பத்தைந்து வயது வரை சேர்க்கிறார்கள், முடித்தால் வேலை, எல்லாமே நீங்கள் போட்ட சத்தத்தில்தான் அவருக்குத் தெரியவந்ததாம். ஞாயிறு என்றும் பாராமல் நீங்கள் பனியன் கம்பெனிக்குப் போனபின் பஸ் ஏறிவிட்டார். நான் திரும்பிப் போங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், உங்கள் மாப்பிள்ளை அதற்குள் உங்கள் பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டார்.

ஆகவே வர வேண்டாம் என்று மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக வைத்துக்கொண்டு, கடிதம் கண்டவுடன் கிளம்பி வரவும். சீரும் கொண்டுவரவும், பட்டுப் பாவாடை பச்சையில் இருக்கட்டும். அவசரத்தில் அண்ணி பீரோவில் வைத்துவிட்டு வந்த பள்ளிக்கூட சர்டிபிகேட்டையும் மறக்காமல் எடுத்து வரவும், அது இல்லாமல் பெயர் கொடுக்க முடியாது. இங்கே பயிற்சி முடிகிறவரை அங்கே அண்ணனுக்கு யார் சமைப்பது என்று அண்ணியிடம் கேட்டேன். அவர் பையிலிருந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டே, "அவரே கத்துக்கட்டும் தனம்," என்றார். "அதுக்கு எட்டாவதுகூட பாஸ் பண்ணியிருக்க வேண்டியதில்ல."